மலைநாட்டுக் குளிரும் கம்பளிப் போர்வையும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மலைச்சாரலில் நின்ற மயிலொன்று குளிரால் நடுங்கியதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் செய்தியாகும். மயில் போர்வையைப் போர்க்குமா என அவன் எண்ணிப் பார்க்கவில்லை; அதற்கு விலை குறிக்கவுமில்லை. அந்த எண்ணாமையே அவனது கொடைக்குச் சிறப்பெனச் சான்றோர் போற்றினர். ஆயினும், இச்செய்தியில் ஆராய்தற்குரிய பிறிதொரு கூறும் உண்டு. போர்வையைத் தெரிந்தவன் கொடுத்தவனே. பெற்ற உயிர் தனக்கு வேண்டுவது இன்னதென்று கூறும் நிலையில் இருக்கவில்லை.

குளிருக்கேற்ற மேலாடையைத் தெரிந்தெடுத்தல் இக்காலத்தார்க்கு எளிய செயலாகத் தோன்றலாம். கடைக்குச் சென்று, தொட்டுப் பார்த்து, அணிந்து பார்த்து, விலை பேசி வாங்கிவிடலாம் அன்றோ? ஆனால் இலங்கை மலைநாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, அத்தெரிவு நெடுங்காலம் ஆடையை அணிந்தவர் கையில் இருந்ததில்லை என்பது புலனாகும். நாவலப்பிட்டியை வாயிலாகக் கொண்டு குளிர்மலைகளில் ஏறிய தமிழ்த் தொழிலாளர் போர்த்திய கரிய கம்பளி எத்தகையது, அது எவ்வாறு குளிரைத் தாங்கிற்று, அதன் விலை யார் தலையில் விழுந்தது, அதனிடத்துக்கு இன்று வந்திருப்பவை யாவை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையின் இயல்பு

மகாவலி கங்கையின் கரையிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் அமைந்தது நாவலப்பிட்டி. மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளுக்குச் செல்லும் புகையிரதப் பாதை இங்கிருந்தே கடுமையான ஏற்றத்தைத் தொடங்குகின்றது. நாற்பத்து நான்கு அடி தூரத்துக்கு ஓரடி என்னும் அளவில் ஏறி, கல்பொடை, வட்டவளை, றொசல்ல ஆகிய இடங்களைக் கடந்து ஹற்றனை அடையும்போது பாதை ஏறத்தாழ 4,100 அடியை எட்டுகின்றது. நானுஓயா 5,300 அடியை அண்மியது. பட்டிப்பொல நிலையமோ 6,200 அடிக்கு மேற்பட்டது. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது அதுவே.

ஆயிரம் மீற்றர் உயருந்தோறும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு குறையும் என்பது பொதுவிதி. எனவே, நாவலப்பிட்டியில் புறப்பட்ட ஒருவர் பட்டிப்பொலவில் இறங்கும்போது எட்டுப் பாகைக்கு மேற்பட்ட குளிர்ச்சியை எதிர்கொள்கின்றார். தை, மாசித் திங்களில் வானம் தெளிந்த இரவுகளிலே நுவரெலியாவைச் சூழ்ந்த தாழ்வான இடங்களில் உறைபனி படிந்து தேயிலைத் தளிரைக் கருக்குவதும் உண்டு.

ஐரோப்பாவின் பனிக்காலத்தோடு ஒப்பிடின் இக்குளிர் சிறிதேயாம். ஆனால், மலைநாட்டிற் குளிர் தனித்து வருவதில்லை; மழையையும் காற்றையும் துணைக்கொண்டே வருகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மோதி மழையைப் பொழிகின்றது. வட்டவளையைச் சூழ்ந்த பகுதி இத்தீவில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றில் ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் அங்குப் பெய்வதுண்டு. உறைபனி வேளையின் வறண்ட குளிரிலும் இத்தகைய ஈரக்குளிர் உடலுக்குக் கேடு பயப்பது. அதன் காரணத்தை அறிந்தாலன்றிக் கம்பளியின் பெருமையும் குறையும் விளங்கா.

உடலுக்கு வெப்பத்தைத் தருவது ஆடையன்று; உடலே வெப்பத்தை ஆக்குகின்றது. அவ்வெப்பம் வெளியேறாதவாறு தடுத்தலே ஆடையின் பணி. இப்பணியைச் செய்வது இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றாகும். அசையாக் காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். நீரோ அதனினும் இருபது மடங்குக்கு மேற்பட்ட விரைவிற் கடத்தும். ஆகவே, ஆடையினுள் நின்ற காற்றின் இடத்தை மழைநீரோ வியர்வையோ பற்றிக்கொள்ளுமாயின், எத்துணைத் தடித்த ஆடையும் பயனற்றதாகிவிடுகின்றது. பருத்தித் துணி நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொள்வதையும் உடனே நடுக்கம் தோன்றுவதையும் யாவரும் அறிவர். ஆட்டுமயிரின் இயல்பு வேறு. அதன் இழை சுருண்டு நிற்பதாற் காற்றுக்கு இடம் தருகின்றது; தன் நிறையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொடுவார்க்கு ஈரமெனத் தோன்றாது; நனைந்தபோதும் சுருள் முற்றும் தளர்வதில்லை. மழையும் குளிரும் ஒருங்கே வரும் மலைக்குக் கம்பளி பொருந்தியமைக்கு இதுவே காரணம்.

கம்பளியின் தொன்மை

குளிருக்கு அஞ்சி ஒடுங்கும் மக்களின் நிலையைத் தமிழ்ப் புலவர் நுணுகி நோக்கியுள்ளனர். நெடுநல்வாடையின் தொடக்கத்தில், மழைவெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த ஆயர் தீயிற் கைகாய்ந்தும் நடுங்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஆட்டுமயிராலாகிய போர்வை இந்திய நிலத்திற் பழமையானது. கௌடலியரின் அருத்தசாத்திரம் கம்பளி வகைகளைப் பலவாகப் பகுத்துரைக்கின்றது. நேபாள நாட்டிலிருந்து வந்த கரிய கம்பளியொன்று எட்டுத் துண்டுகளை இணைத்து ஆக்கப்படுவதென்றும் அது மழையைத் தடுக்கவல்லதென்றும் அந்நூல் கூறுகின்றது. மழையைத் தடுக்குமா என்னும் வினா அக்காலத்தாராலும் கேட்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

தென்னகத்திற் கம்பளி நெய்தல் குறும்பர் முதலிய ஆடுவளர்க்கும் குடியினரின் தொழிலாக விளங்கிற்று. கருநாடகத்தின் சித்திரதுர்க்கம், பல்லாரி முதலிய வறண்ட மேட்டுநிலங்களில் அவர் நெய்த கம்பளி இன்றும் பெயர்பெற்றது. ஆட்டின் இயற்கைக் கருநிறமே போர்வையின் நிறமாக அமையும். பாவுக்குப் புளியங்கொட்டைப் பசையைப் பூசி உரமேற்றி நெய்வர். அக்கம்பளி மென்மையானதன்று, புதியது கழுத்திலும் கையிலும் குத்தும். ஆனால், பல ஆண்டுகள் உழைக்கும். வெயிலிலும் மழையிலும் ஆட்டு மந்தையின் பின்னே திரியும் இடையர்க்கென அமைந்த ஆடை அது. பகலில் அது மேலாடை. இரவிற் பாயும் போர்வையுமாம்.

கண்டி நாட்டு மக்கள் குளிரையும் மழையையும் வேறு வகையால் எதிர்கொண்டனர். 1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், தாளிப்பனையின் பேரோலை ஒன்று பலரை மழையிலிருந்து காக்கும் என்று வியந்து எழுதியுள்ளார். கிராமங்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில் அமைந்திருந்தமையால், ஓலையும் அடுப்புத் தீயும் பருத்தியாடையும் அவர்க்குப் போதியனவாயின. மலையுச்சிகளை அடர்ந்த காடு மூடியிருந்தது. நாள் முழுதும் மழையில் நின்று தொழில் செய்ய வேண்டிய கட்டாயம் அம்மேட்டுநிலத்தில் எவர்க்கும் ஏற்படவில்லை. அக்கட்டாயம் கோப்பித் தோட்டங்களோடு வந்தது.

கோப்பித் தோட்டங்களும் கம்பளியின் வருகையும்

1820 களின் முற்பகுதியிலே, ஆள்பதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்சின் ஊக்கத்தோடு, ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்காபிட்டியவிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். தொடர்ந்து காடுகள் அழிக்கப்பட்டன, தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைப்பதற்குத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். கடலைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தைக் காட்டு வழியே நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் கொள்ளைநோயாலும் வழியில் மாண்டவர் பலர்.

இவர்கள் பிறந்த ஊர்கள் பெரும்பாலும் வெயில் காயும் சமவெளிகள். அங்கே வேட்டியும் துண்டும் சேலையுமே ஆண்டு முழுவதற்கும் போதிய உடைகள். அவற்றோடு வந்தவர்கள் ஈரம் வடியும் மலைச்சரிவில் ஐப்பசி முதல் தை வரை கோப்பிப் பழம் பறிக்க வேண்டியவராயினர். மலைக்கு வந்தவர்க்குக் கம்பளியொன்று கொடுத்தாலன்றி வேலை நடவாது என்பதைத் தோட்டத்துரைமார் விரைவில் உணர்ந்தனர். தொழிலாளர் நாவில் வழங்கிய கம்பளி என்னும் சொல்லையும் அவர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். தோட்டங்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளிற் ‘கம்ளி’ என்ற வடிவில் அச்சொல் பயின்று வருகின்றது. 1886 இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்னும் அகராதியிலும் அது இடம்பெற்றுள்ளது.

புகையிரதப் பாதை 1867 இற் கண்டியையும் 1874 இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. அதற்கப்பால் பாதையை நீட்டுதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தாமதமாயிற்று. அப்பத்தாண்டுகளிலும் நாவலப்பிட்டியே மேல்மலைகளுக்குரிய இறுதி நிலையமாய் விளங்கிற்று. டிக்கோயா, டிம்புலப் பகுதிகளின் கோப்பி இங்கு வந்து புகைவண்டியேறியது. அரிசி முதலியன இங்கிறங்கி மாட்டுவண்டியிலும் தலைச்சுமையாகவும் மலையேறின. 1885 இற் பாதை நானுஓயாவை எட்டிய பின்னரே இந்நிலை மாறிற்று. சமவெளியின் வெப்பம் நீங்கி மலையின் குளிர் தொடங்கும் எல்லையில் இவ்வூர் நிற்பதால், கம்பளியின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

இதற்கிடையில், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்டுத் தொடங்கிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் தொழிலாளரின் உடைத் தேவையையும் மாற்றிற்று. கோப்பி குறித்த பருவத்திற் பறிக்கப்படுவது. பறித்து முடிந்தபின் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. மழைக்காலத்தில் மேலும் செழிப்பது. கோப்பி வளராத உயர்ந்த மலைகளிலும் அது வளர்ந்தது. ஆகவே, குடும்பங்கள் நிலையாகத் தங்கின. பெண்களும் சிறுவரும் பெருந்தொகையாக வேலைத்தலத்துக்கு வந்தனர். குளிருக்கும் மழைக்கும் உட்பட்டோர் தொகையும் நாளும் ஒருங்கே பெருகின.

கொங்காணி

கம்பளி தைக்கப்பட்ட ஆடையன்று. நான்கு மூலையுள்ள துணியேயாகும். அதனைத் தலையையும் முதுகையும் மூடும் கூடுபோல மடித்துக்கொள்வதைக் கொங்காணி என்பர். மடித்தலால் இரு படைகளுக்கிடையே காற்று தங்கும். நீர் விளிம்பு வழியே வடியும். கைகள் இரண்டும் கட்டின்றிக் கொழுந்து பறிக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்துமிடத்தில் அம்மடிப்பே சும்மாடாகவும் உதவியது. இடையிலே தேயிலைச் செடியின் ஈரமும் கீறலும் படாதவாறு சாக்கோ முரட்டுத் துணியாகிய இரட்டோ சுற்றிக்கொண்டனர். நீலகிரித் தோதவர் தம் பூத்குளி என்னும் பருத்திப் போர்வையை இரு படையாக அமைத்துக்கொள்வதும் இத்தகைய பட்டறிவின் பயனே. ஒற்றைத் தடிப்பினும் இரட்டைப் படை நன்றென்பதை மலைவாழ்நர் நூல்கற்று அறிந்தாரல்லர், நடுங்கி அறிந்தனர்.

எனினும் கம்பளிக்குக் குறைகளும் இருந்தன. நெடுமழையில் அது நீரை உண்டு பெருஞ்சுமையாகிவிடும். கூடையின் பாரத்தோடு அப்பாரத்தையும் சுமந்து செங்குத்தான மலைகளில் ஏறியிறங்க வேண்டும். மாலையில் நனைந்த கம்பளி மறுநாட் காலைப் பிரட்டுக்குள் உலர்வதில்லை. ஒருவருக்கு ஒரு கம்பளியே இருந்தமையால், பகலில் மழைதாங்கிய அதனையே இரவிலும் போர்க்க நேர்ந்தது. லயத்துக் காம்பராவின் அடுப்புப் புகையில் அதனைக் காயவைத்து, பாதி ஈரத்தோடு பிள்ளைகளையும் அதனுள் அணைத்துக் கிடந்த குடும்பங்கள் எத்தனையோ! இடையர்க்கு இரு பணியும் செய்த ஆடை, வறண்ட மேட்டுநிலத்தில் இரவுக்குள் உலர்ந்தது. நாவலப்பிட்டிக்கு மேலுள்ள சரிவுகளில் அது உலரவில்லை. ஓரிடத்துக்கு நன்கு பொருந்திய ஆடை பிறிதோரிடத்திற் பாதியே பொருந்துவதாயிற்று. மார்புச்சளியும் சுரமும் மலிந்த தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டி 1872 இலேயே சட்டம் ஆக்கப்பட்டது. ஆயினும் இரண்டாவது கம்பளி என்னும் எளிய மருந்து பலர்க்கும் எட்டவில்லை.

பற்றேட்டிற் கம்பளி

இரண்டாவது கம்பளி எட்டாமைக்குக் காரணம் விலையாகும். கம்பளி கொடையாக வரவில்லை, கடனாக வந்தது. ஊரில் ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தோட்டத்திற் பெற்ற அரிசியும் கம்பளியும் தொழிலாளியின் பெயரிற் பற்றாக எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டன. எழுத்தறியாத தொழிலாளி தான் போர்த்திய போர்வையின் விலை யாது, அதில் எத்தனை கழிந்தது, எத்தனை நின்றது என்பவற்றை அறியும் வழி அரிதாயிருந்தது. குளிரில் முதன்முதல் உடலைச் சூடாக்கிய பொருளே, அவரைத் தோட்டத்தோடு பிணித்த கயிற்றின் ஓர் இழையுமாயிற்று.

ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்புவோர் தம் கடன்தொகை குறித்த துண்டைப் பெற்றே செல்ல முடிந்தது. புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தினால் அது மீண்டும் தொழிலாளியின் கணக்கில் ஏறிற்று. இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வகுத்தது. அதன்படி 1929 முதல் நாளொன்றுக்கு உயர்நாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவர்க்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. தாழ்நாட்டில் இவை முறையே 50, 40, 30 சதங்களாம். உறைபனி படியும் மலைக்கும் வெயில் காயும் தாழ்நிலத்துக்கும் இடையே ஆணின் நாட்சம்பளத்தில் இருந்த வேறுபாடு 4 சதம். பெண்ணுக்கு 3 சதம். சிறுவர்க்கு 2 சதம். சிறுவனுடைய உடல் பெரியோருடைய உடலினும் விரைவிற் குளிர்வது என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

தொழிலாளர் தம் குறைகளை வெளியிடுதற்குத் தேசபக்தன் முதலிய இதழ்கள் வாயிலாகவும், 1931 இல் தொடங்கிய தொழிற்சங்கத்தின் வாயிலாகவும் வழிவகுத்த கோ. நடேசய்யரின் பணி இக்காலத்தது. சம்பளம், கடன், நடமாடும் உரிமை என்பன அவர் எழுப்பிய பெருவினாக்கள். தனக்கு வேண்டிய போர்வையைத் தானே பணங்கொடுத்து வாங்கும் உரிமையும் அப்பெருவினாக்களுள் அடங்கியதே.

துரைமாரின் தெரிவு

ஒரே மழையில் நின்ற மற்றொரு வகுப்பாரின் நிலையையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சாள்ஸ் மக்கின்ரொஷ், இரு துணிகளுக்கிடையே இறப்பர்ப் பாகை வைத்து ஒட்டி நீர்புகாத் துணி செய்யும் முறைக்கு 1823 இல் ஆக்கவுரிமை பெற்றார். கண்டிச் சரிவுகளிற் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. 1840 களில் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வலுவூட்டும் முறை வந்தபின், வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் தொல்லைதந்த அவ்வங்கி செம்மையுற்றது.

தோட்டத்துரைமார்க்கு உள்ளே மென்கம்பளிச் சட்டை, அதன்மேல் தடித்த கம்பளிக் கோட்டு, மழை வந்தால் இறப்பர் அங்கி என மூவகை ஆடை இருந்தன. பங்களாவிற் கணப்பும் இருந்தது. நனைந்ததைக் களைந்து உலர்ந்ததை அணிய அவரால் இயன்றது. தொழிலாளர்க்கு இம்மூன்றன் பணியையும் ஒரு கம்பளியே செய்தது. துரைமாரின் ஆடை சிறந்தது ஒரு பொருளின் உயர்வினால் மட்டுமன்று. உடலைத் தொடுவது, வெப்பத்தைக் காப்பது, நீரைத் தடுப்பது என்னும் மூன்று பணிகளையும் மூன்று ஆடைகளுக்குப் பகிர்ந்தளித்ததே அதன் சிறப்பு. இப்பகிர்வே இக்கால மலையேறிகளும் பின்பற்றும் முறையாகும்.

சிறகும் செயற்கையிழையும்

இருபதாம் நூற்றாண்டிற் குளிராடை பெரும் மாற்றமடைந்தது. 1922 இல் எவரெஸ்ற் மலையேறச் சென்ற ஜோர்ஜ் பிஞ்ச், வான்கூண்டுத் துணியினுள் வடகடல் வாத்தின் மென்சிறகை நிறைத்துத் தைத்த அங்கியொன்றைத் தாமே வகுத்து அணிந்தார். கம்பளிக் கோட்டே மலைக்கு உரியதென நம்பிய தோழர் முதலில் நகைத்தனர். குளிர் கடுத்தபோது நகைப்பு நின்றது. 1936 இல் ஐக்கிய அமெரிக்காவின் எடி போவர், ஈரமான கம்பளியாடையோடு குளிரில் உயிருக்கு ஆபத்து நேர்ந்த பட்டறிவின்பின் சிறகடைத்த மேலங்கியை விற்பனைக்கு ஆக்கினார்.

மென்சிறகு நிறையிற் குறைந்தது. அது பிடித்துவைக்கும் காற்றோ மிகுதி. நிறைக்கு நிறை அதனை ஒத்த குளிர்காப்பு இன்றும் அரிது. ஆனால், நனைந்த சிறகு கட்டிபட்டுவிடும், காற்று நீங்கும், காப்பும் நீங்கும். பனி தூளாகப் பொழியும் வறண்ட மலைக்கு உரிய அவ்வங்கி வட்டவளை மழைக்குப் பொருந்தாது. 1970 களின் இறுதியில் அமெரிக்க ஆலையொன்றில் உருவான பொலியெஸ்ரர் மென்மயிர்த் துணி, நீரை இழையினுள் ஏற்காது விரைவில் உலரும் இயல்பினது. 1980 களில் அமெரிக்கப் படையினர்க்கென ஆக்கப்பட்ட நுண்ணிழைப் பஞ்சு, நனைந்தபோதும் காப்பைப் பெரும்பாலும் இழக்காதது. 1969 இல் றொபேட் கோர் கண்ட நுண்துளைப் படலம், மழைத்துளியை உள்ளே விடாது வியர்வை ஆவியை வெளியே விடுவது. பழைய இறப்பர் அங்கியினுள் வியர்வையே மழையாக நனைத்த குறையை இது பெரிதும் நீக்கிற்று.

மலைநாட்டிலும் காலம் மாறிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் பயனாகப் பல்லாயிரவர் தமிழகம் சென்றனர். அவருட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறி, மீண்டும் ஒரு குளிர்மலையைத் தம் ஊராகக் கொண்டனர். இங்கு எஞ்சியோரிடையே கரிய கம்பளி அருகிற்று; பொலித்தீன் விரிப்பும் கம்பளிச் சுவெற்றரும் பழைய ஜக்கெற்றும் அதனிடத்தைப் பிடித்தன. 1978 இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின் வளர்ந்த ஆடைத்தொழிலிற் குளிர்நாட்டவர்க்கான மேலங்கிகளும் தைக்கப்படலாயின. அத்தொழிலுக்கு மலைநாட்டு இளம்பெண்களும் சென்றனர். நுவரெலியாவின் ‘பேல்’ கடைகளில் இன்று அத்தகைய அங்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. சுற்றுலா வந்தோரும் தோட்டத்தவரும் ஒரே குவியலைக் கிளறித் தெரிந்தெடுக்கின்றனர்.

தெரிந்தெடுக்கும் முறை

குவியலின் முன் நிற்பவர் வினாவ வேண்டியவை யாவை? மேற்கூறிய வரலாறே அவற்றைக் கற்பிக்கின்றது. முதலாவது, குளிர் வறண்டதா, ஈரமானதா என்பது. மேற்குச் சரிவில் மழைக்காலத்திற் செல்வோர் சிறகடைத்த அங்கியைத் தவிர்த்து, கம்பளியோ செயற்கைப் பஞ்சோ அடைத்ததைக் கொள்ளுதல் நன்று. இரண்டாவது, அணிபவர் அசைவாரா, அமர்ந்திருப்பாரா என்பது. மூன்றாவது, நனைந்தால் எத்துணை விரைவில் உலரும், மாற்று உண்டா என்பது.

இவற்றுள் இரண்டாவதைச் சிவனொளிபாதமலை யாத்திரை நன்கு விளக்கும். மார்கழி முதல் வைகாசி வரையான பருவத்தில் நல்லதண்ணியிலிருந்து இரவிற் புறப்படும் அடியார், ஆயிரம் மீற்றர் உயரத்தை ஆயிரக்கணக்கான படிகளால் ஏறுகின்றனர். புறப்படும்போதே தடித்த அங்கியை அணிந்தவர் பாதிவழியில் வியர்வையில் நனைகின்றார். 7,300 அடிக்கு மேற்பட்ட உச்சியிற் கதிரவன் உதயத்துக்காகக் காற்றில் அமர்ந்திருக்கும்போது, அவ்வியர்வையே அவரை நடுக்குகின்றது. அறிந்தவர் ஏறும்போது மெல்லிய ஆடையோடு ஏறி, அங்கியைப் பையில் உலர்வாக வைத்திருந்து, உச்சியை அடைந்ததும் உட்சட்டையை மாற்றி அதனை அணிவர். உட்சட்டை பருத்தியாயிராமை நன்று. அங்கி உடலை இறுக்கினால் உள்ளிருக்கும் காற்று நசுங்கும்; மிகத் தளர்ந்தால் காற்றுப் புகும். கழுத்தும் மணிக்கட்டும் இடைவிளிம்பும் மூடத்தக்கனவாயும், தலைமூடி உடையதாயும், வெப்பம் மிகுந்தால் முன்புறம் திறக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். தடித்த ஓரங்கியினும் மெல்லிய இரண்டு நன்று என்பதே கொங்காணியின் மடிப்பும் துரைமாரின் மூவாடையும் ஒருங்கே கூறும் முடிவாகும்.

கொழுந்து பறிப்பவர்க்கோ இம்மூன்றோடு நான்காவது வினாவும் உண்டு. கூடைக்கயிறு அழுந்துமிடத்திற் கிழியாது, கைகளைக் கட்டாது, செடிகளின் கீறலைத் தாங்கி, ஈரத்தை வெளியேற்றும் ஆடை எது? எவரெஸ்ற் ஏறுவோர்க்கென அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் ஆடை வகுத்துள்ளனர். இருநூறு ஆண்டுகளாக மழையில் நின்று இந்நாட்டுக்குச் செல்வம் ஈட்டியவர்க்கென அத்தகைய ஆய்வு பெரிதாக நடைபெறவில்லை. பொலித்தீன் விரிப்பு மழையைத் தடுக்கின்றது. வியர்வையையும் உள்ளே அடைக்கின்றது. மக்கின்ரொஷ் காலத்துக் குறை மீண்டும் தோட்டத்தில் நிற்கின்றது. மலைநாட்டு மாணவர்க்கு இதனினும் பொருத்தமான ஆராய்ச்சிப் பொருள் அரிது.

முடிவுரை

2023 ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடைபவனி நிகழ்ந்தது. வழியில் மாண்டோர்க்கும் மலையில் உழைத்தோர்க்கும் செய்த வணக்கம் அது. அவ்வுழைப்பாளரின் வாழ்வைக் காட்டும் பொருள்களைத் திரட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சிச்சாலையொன்று, கம்பளைக்கு அண்மையிற் பழைய லயத்து அறைகளில் 2007 முதல் அமைந்துள்ளது. அத்தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் மயிலைக் குறிப்பது என்பது பேகன் கதையை அறிந்தார்க்கு ஓர் இனிய பொருத்தமாகத் தோன்றும்.

பேகன் ஈந்த போர்வைக்குக் கணக்கு இல்லை. மலையேறிய மக்கள் பெற்ற போர்வைக்குக் கணக்கு இருந்தது. அதனை எழுதிய கை அவர்களுடையதாய் இருக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடையிற் பல அங்கிகளைத் தொட்டும் அணிந்தும் பார்த்து, தம் உழைப்பின் ஊதியத்தால் ஒன்றை வாங்குகின்றனர். அச்செயல் எளியதாகத் தோன்றினும், அதன்பின் நிற்கும் இருநூறாண்டுகள் எளியன அல்ல. மழையில் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் உலர்ந்த இரண்டாவது ஆடை உண்டாகும் நாளிலேயே அவ்வரலாறு நிறைவுறும்.